முறிந்த அச்சைத் தூக்கிப் போடாதீர்கள்

சந்தைக்குத் தக்காளிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு அலுங்காமல் போன பிக்கப், சரக்கை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் வழியில் பின் அச்சு முறிந்து நிற்பதுண்டு. ஒரு டன்னைச் சுமந்த இரும்புக்குக் காலி வண்டி பாரமாகுமா? ஓட்டுநருக்கு விளங்காது. பட்டறையில் ‘ஆக்ஸில் கட்’ என்று சொல்லிப் புது ஷாஃப்ட் போடுகிறார்கள். முறிந்த இரண்டு துண்டுகளும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. அப்படிப் போவதற்கு முன் அவற்றை ஐந்து நிமிடம் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். முறிந்த காரணம் அந்த முறிவு முகத்தில்தான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளாமல் போடும் புது ஷாஃப்ட்டும் பழையது போன வழியிலேயே போகும்.

பின் சக்கரங்கள் இரண்டுக்கும் குறுக்கே கிடக்கும் இரும்பு உறையை ஹவுசிங் என்பார்கள். அதன் புடைத்த நடுப்பகுதிக்குள் கிரவுன், பினியன், டிஃபரன்ஷியல் பற்சக்கரங்கள் எண்ணெயில் கிடக்கின்றன. அங்கிருந்து இடத்துக்கு ஒன்றும் வலத்துக்கு ஒன்றுமாக இரண்டு ஷாஃப்ட்டுகள் புறப்படுகின்றன. அச்சு முறிந்தது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் முறிந்திருப்பது இவற்றில் ஒன்றுதான்.

பெரிய லாரியில், பின் சக்கரத்தை மாட்டும் ஹப், ஹவுசிங்கின் வெளிமுனை மேலேயே இரண்டு பேரிங்குகளில் உட்கார்ந்திருக்கும். பாரத்தை ஹவுசிங் வாங்கிக்கொள்ளும். ஷாஃப்ட்டுக்குச் சக்கரத்தைத் திருப்பும் வேலை மட்டும்தான். இந்த ஃபுல் ஃப்ளோட்டிங் அமைப்பில் ஷாஃப்ட் முறிந்தாலும் சக்கரம் கழன்று ஓடாது. ஹப்பின் நடுவிலுள்ள போல்ட்டுகளைக் கழற்றி, ஜாக்கி வைக்காமலேயே ஷாஃப்ட்டை உருவிவிடலாம். சிறிய பிக்கப்புகள் பலவற்றில் இருப்பது செமி ஃப்ளோட்டிங். அமெரிக்காவில் அரை டன் பிக்கப் என்று அழைக்கப்படுபவையும் பெரும்பாலும் இந்த வகைதான். இதில் சக்கரம் ஷாஃப்ட்டின் முனையிலேயே போல்ட் போட்டு மாட்டப்படுகிறது. சக்கரத்தைத் திருப்புவதும் வண்டியைச் சுமப்பதும் ஒரே ஷாஃப்ட். எடை குறைவு, செலவும் குறைவு. நிர்ணயித்த சுமைக்குள் ஓடும்வரை இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பேரிங்குக்கு வெளியே ஷாஃப்ட் முறிந்தால் சக்கரமும் டிரம்மும் சேர்ந்தே வண்டியை விட்டுப் போய்விடும்.

இந்த ஷாஃப்ட் படும் பாட்டைக் கவனியுங்கள். சாலை, சக்கரத்தை மேலே தள்ளுகிறது. வண்டியின் பாரம் பேரிங் வழியாகக் கீழே அழுத்துகிறது. இரண்டுக்கும் நடுவே சில சென்டிமீட்டர் தூரம். அந்தத் தூரத்தில் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது: அடிப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் நசுங்குகிறது. அரைச் சுற்று உருண்டதும் அடியில் இருந்தது மேலே வருகிறது, இழுபட்டது நசுங்குகிறது. பிக்கப் டயரின் சுற்றளவைச் சுமார் 2.2 மீட்டர் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 450 சுற்றுக்கு மேல் ஆகிறது. 1 லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியின் ஷாஃப்ட் நான்கரைக் கோடி முறை இப்படி இழுபட்டு நசுங்கியிருக்கும்.

ஒரே இழுப்பில் முறிக்க முடியாத இரும்பு, அதைவிட வெகு குறைந்த விசையிலும் திரும்பத் திரும்ப வளைத்தால் முறியும் என்ற பாடம் ரயில்வேயிலிருந்து வந்தது. 1842 மே 8 அன்று வெர்சாய் நகரில் லூயி பிலிப் மன்னருக்கு விழா. கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் முன் எஞ்சின் அச்சு மூதோன் அருகே முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பற்றின. நடுவழியில் யாரும் இறங்கிவிடக் கூடாதென்று பெட்டிக் கதவுகளைப் பூட்டிவைப்பது அன்றைய வழக்கம். 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அண்டார்டிகக் கடல்வரை போய் உயிரோடு திரும்பியிருந்த மாலுமி ட்யூமோன் துர்வில், மனைவியோடும் மகனோடும் அந்தத் தீயில் இறந்தார்.

அதிர்ந்து அதிர்ந்து இரும்பு உள்ளுக்குள் படிகமாக மாறிவிடுகிறது, அதனால்தான் நொறுங்குகிறது என்று அன்றைய பொறியாளர்கள் பலர் நம்பினார்கள். முறிந்த இடம் மணிமணியாக மின்னுவதே அவர்களுக்குச் சான்று. இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் ராங்கின் அதை ஏற்கவில்லை. முறிந்த அச்சுகளை எடுத்துப் பார்த்தார். விரிசல், அச்சின் தடிமன் சட்டென்று மாறும் மூலையில் வெளிவிளிம்பில் தொடங்கி, சிறுகச் சிறுக நடுப்பகுதியை நோக்கி நகர்ந்திருந்தது. இரும்பின் இயல்பு மாறவில்லை. சுமை தாங்கும் குறுக்குப் பரப்புதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மூலையைக் கூராக விடாமல் வளைவாகக் கடைய வேண்டும் என்றார். இன்றைய ஷாஃப்ட்டில் தண்டு தடிக்கும் இடத்தில் விரலால் தடவினால் அந்த வளைவு தெரியும்.

அடுத்து வந்தவர் ப்ரஷ்ய ரயில்வேப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர். 1850களிலும் 60களிலும் அவர் ஓடும் பெட்டிகளின் அச்சு உண்மையில் எவ்வளவு வளைகிறது என்று கருவி பொருத்தி அளந்தார். பிறகு அச்சுகளைச் சுமையோடு சுழற்றும் இயந்திரம் ஒன்றைக் கட்டி, முறியும்வரை சுழற்றினார். இரும்புக்கு ஒரு தாங்கு வரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை கோடி முறை வளைத்தாலும் முறியாது என்பது அவருடைய முதல் கண்டுபிடிப்பு. வரம்பைத் தாண்டினால் ஆயுள் கிடுகிடுவெனச் சரியும் என்பது இரண்டாவது. வரம்புக்கு மேலே சுமையை இரட்டிப்பாக்கினால் ஆயுள் பாதியாகாது, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ‘கொஞ்சம் சேர்த்து ஏற்றினால் என்ன’ என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. அந்தத் தாங்கு வரம்பும் வழவழப்பான, பழுதில்லாத இரும்புக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும். ஒரு துருக்குழி, சுத்தியல் பட்ட வடு, ஆயில் சீல் தேய்த்துப் போட்ட பள்ளம் போதும், வரம்பு இறங்கிவிடும்.

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு இறும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது அளவு மீறிய சுமையால் வரும் முறிவு. அங்கே கடைசி இறகுதான் குற்றவாளி. திரும்பத் திரும்ப வளைந்து இரும்பு சோர்வதால் வரும் முறிவில் அப்படி ஒரு கடைசி இறகு இல்லை. பல மாதங்களுக்கு முன்பு ஏற்றிய பாரம் விரிசலைத் தொடங்கி வைத்திருக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றும் அதை மயிரிழையிலும் சிறிதாக நீட்டிக்கொண்டே வந்திருக்கும். தண்டின் பெரும்பகுதி அறுந்தபின் காலி வண்டி ஒரு வேகத்தடையில் குதித்தாலே எஞ்சியதும் போய்விடும்.

இனி முறிவு முகத்தைப் படிக்கலாம். பொதுவாக அதில் இரண்டு பகுதிகள் தெரியும். ஒன்று மங்கலாக, வழவழப்பாக இருக்கும். விரிசலின் இரு முகங்களும் ஒன்றோடொன்று உரசி உரசி வந்த வழவழப்பு அது. கூர்ந்து பார்த்தால் அலை பின்வாங்கிய மணலில் நிற்கும் கோடுகளைப்போல வரிவரியான வளைகோடுகள் தெரியும். விரிசல் ஓடியும் நின்றும் நகர்ந்த தடங்கள் அவை. அவற்றின் வளைவு எந்தப் புள்ளியைச் சுற்றி அமைகிறதோ அங்கேதான் விரிசல் பிறந்தது. மற்றப் பகுதி சொரசொரப்பாக, புதிதாக மின்னும். கடைசி நொடியில் முறிந்தது அதுதான். வெர்சாய்க் காலத்தவர்கள் படிகம் என்று நினைத்ததும் இதைத்தான்.

இரண்டின் அளவை ஒப்பிடுங்கள். சொரசொரப்புப் பகுதி சிறிதாக இருந்தால் சுமை மிதமானது, விரிசல் நெடுநாள் வளர்ந்தது. பிறந்த இடத்தில் வடுவோ துருவோ இருக்கிறதா என்று தேட வேண்டும். பெரும்பகுதி சொரசொரப்பாக இருந்தால் சுமை மிகுதி. விளிம்பைச் சுற்றிப் பல இடங்களில் சிறுசிறு படிகள் தெரிந்தால், பல விரிசல்கள் ஒரே காலத்தில் தொடங்கியிருக்கின்றன. கடுமையான வளைவு விசையின் அடையாளம் அது. உள்முனையில் இருக்கும் பற்கள், அதாவது ஸ்ப்லைன், நேராக இல்லாமல் முறுக்கிக்கொண்டிருந்தால் குற்றம் வளைவில் இல்லை. சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளட்ச்சை உதறி உதறி எடுத்தது போன்ற முறுக்கு விசையே காரணம். பேரிங் உட்காரும் இடம் நீலம் பாய்ந்திருந்தால் அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது: பேரிங் முதலில் செத்தது, ஷாஃப்ட் பிறகு போனது.

சாலையில் ஷாஃப்ட் முறியும் விதமும் இரண்டு. பேரிங்குக்கு உள்ளே முறிந்தால் ஒரு ‘டொக்’ சத்தம், பிறகு எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஒரு பக்கம்தானே முறிந்தது, மறு சக்கரம் தள்ளாதா என்று தோன்றும். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்கு விசையைத்தான் தரும். முறிந்த பக்கம் தடையே இல்லாமல் சுழல்வதால் அங்கே விசை ஏறக்குறைய பூஜ்யம். அதனால் நல்ல பக்கத்துக்கும் பூஜ்யம்.

உயிரை எடுக்கக்கூடிய விஷயம் இதன் மறுபக்கத்தில் இருக்கிறது. எஞ்சின் வண்டியைத் தள்ள முடியாதபோது, கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. கியரில் போட்டு நிறுத்தினாலும், ஆட்டோமேட்டிக் வண்டியில் ‘பார்க்’ நிலையில் வைத்தாலும் பூட்டப்படுவது கியர்பாக்ஸ்தான்; சக்கரம் அல்ல. ஷாஃப்ட் முறிந்திருந்தால் சரிவில் வண்டி உருளும். 2023 இறுதியில் ஃபோர்டு நிறுவனம் 2021 முதல் 2023 வரையிலான எஃப்-150 பிக்கப்புகளில் சுமார் 1,13,000 வண்டிகளைத் திரும்ப அழைத்ததன் காரணம் ஏறக்குறைய இதுவே. பின் அச்சின் ஹப் போல்ட் சோர்வால் முறியலாம், ஹப்பிலுள்ள பற்கள் சிதைந்து அச்சுக்கும் சக்கரத்துக்கும் இருக்கும் பிணைப்பு போய்விடலாம், ‘பார்க்’கில் நிற்கும் வண்டியும் உருண்டுவிடலாம் என்பது அறிவிப்பு. கைபிரேக் போடச் சொன்னார்கள். பெரும்பாலான வண்டிகளில் கைபிரேக் சக்கரத்தையே பிடிப்பதால் அது ஷாஃப்ட்டை நம்பியிருக்கவில்லை. பழைய லேண்ட் ரோவர் போன்றவற்றில் கைபிரேக்கும் கியர்பாக்ஸ் பக்கமே இருக்கும். அங்கே அதுவும் உதவாது. ஆகவே இறங்கியதும் முதல் வேலை சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல்லோ கட்டையோ கொடுப்பது. ஜாக்கியெல்லாம் அதன் பிறகுதான்.

பேரிங்குக்கு வெளியே முறிந்தால் பின் மூலை சாய்ந்து தரையில் உரசும், சக்கரம் நமக்கு முன்னால் ஓடுவதும் உண்டு. ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட வேண்டும். பிரேக்கைச் சட்டென்று மிதிக்கக் கூடாது. டிரம் போய்விட்டால் பிரேக் ஷூ வெளியே விரிந்து அந்தப் பக்க சிலிண்டர் எண்ணெயைக் கக்கிவிடும், பெடல் ஆழமாக இறங்கும். இரட்டைச் சுற்று பிரேக் உள்ள வண்டியில் முன் சக்கரப் பிரேக் மிஞ்சியிருக்கும். அதைக்கொண்டு மெல்ல மெல்ல ஓரங்கட்ட வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகையை வண்டிக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி வைத்துவிட்டு ஆட்கள் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கு அழைக்கலாம். இழுத்துச் செல்லும்போது பின்பக்கம் தரையில் படக் கூடாது; தட்டை மேடை வண்டியில் ஏற்றுவதே நல்லது.

பட்டறையில் சில விஷயங்களைக் கேட்டு வாங்க வேண்டும். முறிந்த ஷாஃப்ட்டை வெல்டு வைத்து ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூட்டில் பக்கத்து இரும்பு கடினமாகி நொறுங்கும் தன்மை பெறுகிறது. அங்கேயே அடுத்த விரிசல் பிறக்கும். ஹவுசிங்குக்குள் சிக்கிய துண்டை எடுத்த பின் எண்ணெயை முழுவதும் வடித்து, பொடியையும் சில்லையும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் கிரவுன் பற்களும் போகும். பேரிங், ஆயில் சீல் இரண்டும் புதிது. ஹவுசிங் வளைந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வளைந்த ஹவுசிங்கில் பேரிங் கோணலாக உட்காரும், எவ்வளவு நல்ல ஷாஃப்ட்டும் சுற்றுக்குச் சுற்று கூடுதலாக வளையும். சில மாதத்தில் மறுபடி முறிந்தால் கடைக்காரரின் சரக்கைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள். அழகுக்காக ஸ்பேசர் போட்டு சக்கரத்தை வெளியே தள்ளியிருந்தால் அதையும் கழற்ற வேண்டும். சக்கரத்தின் விசைக்கோடு பேரிங்கிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி இருந்ததென்று வைத்துக்கொள்வோம். 3 சென்டிமீட்டர் ஸ்பேசர் போட்டால் ஒரு கிலோகூடக் கூடுதலாக ஏற்றாமலே வளைவு விசை 37 சதவீதத்துக்கு மேல் உயர்ந்துவிடுகிறது.

மறுபக்கத்து ஷாஃப்ட்டும் அதே நாளில் மாட்டியது, அதே பாரத்தைச் சுமந்தது. அதை வெளியே எடுத்துத் துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்துக் காயவிட்டு, மேற்பரப்பைத் துடைத்தபின் வெள்ளைப் பொடி அடித்தால், விரிசல் இருந்தால் சிவப்புக் கோடாகக் கசியும். சோதனைக்கு வேண்டியது மூன்று ஸ்பிரே டப்பாக்களும் அரை மணி நேரமும். கோடு தெரிந்தால் அந்த ஷாஃப்ட்டையும் அன்றே மாற்றுங்கள். முறிந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்காதீர்கள், கம்பி பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். முகத்திலுள்ள தடயம் அழிந்துவிடும். கொஞ்சம் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால், காப்பீட்டு ஆய்வாளர் வந்தாலும், பக்கத்துப் பொறியியல் கல்லூரி உலோகவியல் ஆசிரியரிடம் கொண்டுபோனாலும் அவர்களால் அதைப் படிக்க முடியும்.