ஆயாவின் பாதத்துக்கு ஒரு கம்பளிச் செருப்பு

சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத் திருவிழா செப்டம்பர் 8-ந் தேதி. அது முடிந்து, தசராவும் முடிந்து, ஐப்பசி பிறந்து விட்டால் பெங்களூரில் குளிர் எட்டிப் பார்க்கத் தொடங்கும். கார்த்திகை, மார்கழியில் சொல்லவே வேண்டாம்.

கடல் மட்டத்தில் இருந்து ஏறத்தாழ 3 ஆயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர் இது. 1884-ம் ஆண்டு ஜனவரி 13-ந் தேதி இங்கே வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. அந்தக் குளிர் இப்போது இல்லை. ஆனாலும் விடியற்காலையில் சிமெண்டுத் தரையிலோ, மொசைக் தரையிலோ வெறுங்காலை வைத்துப் பாருங்கள். சுரீர் என்கிறது.

நான் ரெயில்வேயில் குமாஸ்தா. சென்னையில் இருந்து பெங்களூர் மெயிலில் வந்து, விடியும் முன்பே கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஸ்வெட்டர், மப்ளர், குல்லாய் எல்லாம் இருக்கும். காலில் மட்டும் ரப்பர் செருப்பு! தலைக்குக் கொடுக்கிற மரியாதையைக் காலுக்கு நாம் கொடுப்பதில்லை.

இளவட்டங்களுக்கு அது பெரிய விஷயம் அல்ல. எழுபது வயதைத் தாண்டிய ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் அது பெரிய விஷயம்.

கடைச் செருப்பு போதாதா?

கமர்ஷியல் தெருப் பக்கம் போனால் வீட்டுக்குள் போடுகிற மெத்தைச் செருப்பு விதவிதமாகத் தொங்குகிறது. விலையும் அதிகம் இல்லை. பிறகு எதற்காக வீட்டில் உட்கார்ந்து பின்ன வேண்டும்?

பணத்தை மிச்சம் பிடிக்க அல்ல. அளவுக்காக!

வயதானவர்களின் பாதம் கடைக்காரரின் நம்பருக்கு அடங்காது. ஒரு கால் வீங்கி இருக்கும். பெருவிரல் பக்கத்தில் எலும்பு துருத்தி இருக்கும். நீளத்துக்குச் சரியாக இருக்கிற செருப்பு அகலத்துக்குப் பிடிக்கும். அகலத்துக்கு வாங்கினால் குதிகாலில் லொடலொட என்று ஆடும். அப்படி ஆடுகிற செருப்போடு இரவு இரண்டு மணிக்குக் குளியல் அறைக்குப் போவது ஆபத்து.

வெறும் சாக்ஸ் போட்டு நடப்பது அதை விட ஆபத்து. வழவழப்பான டைல்ஸ் தரையில் அது வழுக்கும். முதுமையில் ஒருமுறை விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பழையபடி எழுந்து நடக்க முடியாமல் போகிறவர்கள் பலர்.

ஆகவே ஆயாவுக்கு வேண்டியது மூன்று. சூடு, சரியான பிடிப்பு, வழுக்காத அடிப்பாகம். இந்த மூன்றையும் ஒரே செருப்பில் கொடுக்கப் பின்னத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் போதும்.

பின்னும் முறை

சாயங்காலம் அளவு எடுங்கள். அப்போதுதான் பாதம் முழு வீக்கத்தில் இருக்கும். பாதத்தின் நீளத்தையும், விரல்களுக்குக் கீழே அகலமான இடத்தின் சுற்றளவையும் குறித்துக் கொள்ளுங்கள். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

'டபுள் நிட்டிங்' கனமுள்ள கம்பளி நூல் ஏறத்தாழ 100 கிராம் போதும். இரண்டு நிறத்தில் வாங்குங்கள். ஊசி 10-ம் நம்பர், அதாவது மூன்றே கால் மில்லி மீட்டர். பழைய கணக்கில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும் என்பதை மறக்க வேண்டாம்.

முதலில் ஒரு சின்னத் துண்டு பின்னி அளந்து பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு 6 கண்ணி வர வேண்டும். கம்பளி இழுபடும். அதனால் பாதத்தின் சுற்றளவு 9 அங்குலம் என்றால் 8 அங்குலத்துக்குப் பின்னுங்கள். அதற்கு 48 கண்ணி ஏற்ற வேண்டும்.

எல்லா வரிசையும் 'நிட்' பின்னலாகவே 6 அங்குலம் பின்னுங்கள். இது 9 அங்குல நீளப் பாதத்துக்கான கணக்கு. இது பாதத்தின் பின்பகுதி. இனி விரல் பகுதி. ஒரு வரிசை 'நிட்', ஒரு வரிசை 'பர்ல்' என்று மாற்றி, சிவப்பில் 2 கண்ணி, வெள்ளையில் 2 கண்ணியாகப் போடுங்கள். இரண்டு வரிசைக்கு ஒருமுறை நிறத்தை இடம் மாற்றினால் சதுரங்கக் கட்டம் போல டிசைன் விழும். இரண்டரை அங்குலம் ஆனதும் மிச்சமுள்ள கண்ணிகளில் நூலைக் கோத்து, சுருக்குப் பை போல இழுத்துக் கட்டி விடுங்கள். டிசைன் உள்ள பகுதியின் இரண்டு ஓரத்தையும் காலின் மேல்பக்கத்தில் சேர்த்துத் தையுங்கள். தொடங்கிய ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்தால் குதிகால் ஆகி விடும்.

டிசைன் அழகுக்கு மட்டும் அல்ல. ஒரு நிறம் முன்னால் வரும்போது மற்ற நிறத்து நூல் பின்னால் ஓடுகிறது. அதனால் அந்த இடத்தில் துணி இரட்டைக் கனம் ஆகிறது. இடையில் காற்று தங்குகிறது. அந்தக் காற்றுதான் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பின்னால் ஓடுகிற நூலை நீளமாக விடாதீர்கள். நம் பெண்கள் காலில் மெட்டி உண்டே! அதில் நூல் மாட்டினால் தடுக்கி விடும்.

அடியில் தோல்

பின்னி முடித்த செருப்பை அப்படியே காலில் கொடுத்து விடக் கூடாது. கம்பளியும் டைல்ஸ் தரையில் வழுக்கும். ஆம்பூர், வாணியம்பாடித் தோலை அறியாத தமிழர் உண்டா? அந்த மாதிரி மெல்லிய தோலில் பாத அளவுக்கு ஒரு துண்டு வெட்டி, சொரசொரப்பான பக்கம் தரையைப் பார்க்கும்படி வைத்து, செருப்புத் தைப்பவரிடம் தைத்து வாங்குங்கள். ஈரத் தரையில் மட்டும் இதைப் போட்டு நடக்கக் கூடாது.

அசல் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சினாலும் கையில் நனைந்த மாதிரி தெரியாது. அதனால் கால் வியர்த்தாலும் சில்லிடாது. வெந்நீரில் போட்டுக் கசக்கினால் மட்டும் சுருங்கிக் கட்டி தட்டி விடும். அக்ரிலிக் நூல் விலை குறைவு, துவைப்பதும் சுலபம். ஆனால் நெருப்புப் பட்டால் உருகி ஒட்டிக் கொள்ளும். அடுப்படியில் நிற்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்னும் கவனம் தேவை. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஒரு முடிச்சு உரசுவது கூடத் தெரியாது. அது புண்ணாகிய பிறகுதான் தெரியும். முடிச்சுகளை எல்லாம் வெளிப்புறமாகப் போடுங்கள். தினமும் பாதத்தைப் பாருங்கள். டாக்டர் தனிச் செருப்பு எழுதிக் கொடுத்திருந்தால், அதற்குப் பதிலாக இதைப் போடக் கூடாது.

விரல் முனைத் தையல் உறுத்துவது பழைய தொல்லைதான். முதல் உலகப் போரில் ஈரமான பதுங்கு குழிகளில் நின்ற சிப்பாய்களின் கால் அழுகியது. சாக்ஸ் முனையில் தையலே தெரியாமல் மூடுகிற ஒரு முறைக்கு ஆங்கிலேயர் 'கிச்சனர் தையல்' என்று பெயர் வைத்தார்கள். 1902 முதல் 1909 வரை இந்தியாவில் தலைமைத் தளபதியாக இருந்தாரே, அதே கிச்சனர் பிரபுவின் பெயர்தான்.

ஊசி வந்த வழி

1809-ல் ஆங்கிலேயர் இங்கே படை முகாம் அமைத்தார்கள். படையோடும், படைக்கு வேண்டிய தொழில்களோடும் தமிழர்கள் வந்து குடியேறினார்கள். அன்று பிளாக்பள்ளி என்று சொல்லப்பட்டதுதான் இன்றைய சிவாஜிநகர். தண்டு வந்த இடத்துக்குக் கான்வென்ட்டும் வந்தது. கான்வென்ட் வந்த இடத்துக்குத் தையல் வகுப்பும் வந்தது. நம் வீட்டு ஆயாக்களில் சிலருக்கு இன்றும் கண்ணை மூடிக் கொண்டு பின்ன வருகிறது என்றால், அது அந்த வழியில் வந்த கல்வி.

கைவேலையைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். 1820-களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் என்ற பாதிரியார் மனைவி ஏழைப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். அன்று திருவிதாங்கூரில் அடிமை முறை இருந்தது. லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து, தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கிய பெண்கள் உண்டு!

வடக்கே இமாசலப் பிரதேசத்தில் லாகுல் என்று ஒரு பள்ளத்தாக்கு. 2020-ல் அடல் சுரங்கப் பாதை திறக்கும் வரை பனிக்காலத்தில் மாதக் கணக்கில் வெளி உலகத் தொடர்பு அற்றுப் போகும் இடம். அங்கே கேலாங் என்ற ஊரில் 19-ம் நூற்றாண்டில் மரியா ஹைடே என்ற மொராவிய மிஷன் அம்மையார் பின்னல் பள்ளி நடத்தினார். அந்த ஊர்ப் பெண்கள் அதைத் தங்கள் கலையாகவே ஆக்கிக் கொண்டார்கள். பல நிறத்தில் கட்டம் கட்டமாக அவர்கள் பின்னுகிற லாகுல் சாக்சுக்கும் கையுறைக்கும் 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஊசி அங்கேயும் வெளியில் இருந்துதான் வந்தது. இங்கேயும் அப்படித்தான் வந்தது. அங்கே அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள், கலை ஊரின் சொத்தானது. இங்கே பல வீடுகளில் ஆயாவோடு நின்று விட்டது. பேத்திக்கு நேரம் இல்லை. ஆயாவுக்கோ யாரும் கேட்கவில்லையே என்ற மனக்குறை.

கூலி என்ன?

ஒரு ஜோடி செருப்புக்குப் பழகிய கைக்கு மூன்று, நான்கு சாயங்காலம் வேண்டும். நூல் விலையோடு கொஞ்சம் போட்டுக் கொடுத்து விட்டு, "வீட்டில் சும்மாதானே இருக்கிறீர்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது நியாயம் அல்ல. தையல்காரருக்குத் தையல் கூலி கொடுக்கிறோம். பின்னுகிறவருக்கு மட்டும் எதற்காக இல்லை என்பது? பக்கத்து வீட்டு அம்மாவிடம் பின்னி வாங்கினால் மணிக்கணக்குப் பார்த்துக் கூலி கொடுங்கள். கூலி இருந்தால்தான் அடுத்தவர் கற்றுக் கொள்வார். கற்றுக் கொள்ள ஆள் இருந்தால்தான் வேலை நிலைக்கும்.

சொந்த வீட்டுக்கு என்றால் கூலி வேறு மாதிரி. சாயங்காலம் டெலிவிஷன் முன்னால் உட்காருகிற நேரத்தில் பேத்தி ஊசியைக் கையில் எடுக்கட்டும். ஆயா பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கட்டும். முதல் செருப்பு கோணலாகத்தான் வரும். பிரித்து மறுபடி பின்னலாம். பிரித்தாலும் வீணாகாத வேலை இது ஒன்றுதான்!

இப்போது கண்ணி ஏற்றினால், கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வைக்க ஆயா வாசலுக்கு வரும்போது காலில் அந்தச் செருப்பு இருக்கும்.