ஓபரா அரங்கின் ஏப்ரல் அட்டவணையும் நம் குரலும்

பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் "அமைதி" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்று மட்டும் வந்தது. முன்வரிசையில் நின்ற ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், அதிலும் சத்தம் இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவர் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, திரையில் படத்தைக் காட்டினார். இரண்டு குரல் நாண்களிலும் எதிரெதிரே, அரிசிக் குருணை அளவில் தடிப்பு. "பாடகர்களுக்கும் டீச்சர்களுக்கும் வர்றதுதான். முதல்ல பத்து நாள் பேசாதீங்க. அப்புறம் பேசக் கத்துக்கோங்க" என்றார். 19 ஆண்டுகளாகப் பேசியே சம்பளம் வாங்குகிற எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் கொஞ்சம் சுட்டது.

பேசாமல் வீட்டில் இருந்த அந்த நாட்களில்தான் கல்லூரியில் படிக்கும் என் மகள் தன் கைப்பேசியில் ஒரு காணொளியைப் போட்டுக் கொடுத்தாள். மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' என்ற ஓபரா. ராணி வேடமிட்ட பெண் பாடுகிறாள், கீழே பெரிய வாத்தியக் குழு வாசிக்கிறது, எதிரே ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "அம்மா, இவங்க யார்கிட்டயும் மைக் இல்ல" என்றாள் மகள். நான் நம்பவில்லை. சேலைத் தலைப்பில் மைக்கை ஒளித்து வைப்பதுபோல் எங்காவது ஒளித்திருப்பார்கள் என்று எழுதிக் காட்டினேன். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. ஓபரா அரங்குகளில் பாடகரின் குரலை ஒலிபெருக்கியில் பெருக்குவதில்லை என்பதே மரபு. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கில் சுமார் 3,800 இருக்கைகள். கடைசி மாடியின் கடைசி வரிசை வரைக்கும் வெறும் தொண்டைதான் போய்ச் சேருகிறது.

என் வகுப்பில் 42 பேர். அவர்களுக்கே என் தொண்டை போய்விட்டது. அவர்களுக்கு மட்டும் எப்படி முடிகிறது?

ஓபரா என்பது பாட்டாலேயே நடக்கும் நாடகம். இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தது. 1637இல் வெனிஸில் சீட்டு வாங்கும் எவரும் பார்க்கலாம் என்று முதல் பொது அரங்கு திறந்தார்கள். நமக்கும் இது அந்நியமான வடிவம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய இசை நாடகங்களை ஆர்மோனியத்துடன் விடிய விடியப் பாடி நடித்த மரபு நம்முடையது. எஸ்.ஜி.கிட்டப்பா மேடையேறிய காலத்தில் அவரும் மைக்கை நம்பிப் பாடவில்லை.

ஐரோப்பாவில் இளவேனில் என்பது மார்ச் முதல் மே வரை. நம் பிள்ளைகள் பொதுத் தேர்வு எழுதும் அதே மாதங்கள். அங்கே அப்போது இசை அரங்குகள் முழு வேகத்தில் இருக்கும். புனித வெள்ளியை ஒட்டி, 1727இல் லைப்சிக் நகரில் முதன்முதலாகப் பாடப்பட்டதாகக் கருதப்படும் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' பல ஊர்களில் பாடப்படும். சால்ஸ்பர்க்கில் 1967இல் கராயன் தொடங்கிய ஈஸ்டர் விழா நடக்கும். ஃபுளோரன்ஸில் 1933இல் தொடங்கிய 'மாஜ்ஜியோ' விழாவின் பெயருக்கே மே மாதம் என்றுதான் பொருள். இங்கிலாந்தின் கிராமப்புறத்தில் உள்ள கிளைண்ட்போர்னில் மே மாதம் திரை விலகும், அங்கே இடைவேளை மட்டும் ஒன்றரை மணி நேரம், புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிடுவதற்காக. வியன்னா அரசு ஓபரா அரங்கு தன் கட்டடத்துக்கு வெளியே பெரிய திரை வைத்து, ஏப்ரல் முதல் பல நாட்கள் தெருவில் போகிறவர்களுக்கும் உள்ளே நடப்பதை இலவசமாகக் காட்டுகிறது. வியன்னா போக நமக்கு வழியில்லாவிட்டாலும் 'ஓபராவிஷன்' என்ற இலவச இணையத் தளத்தில் ஐரோப்பிய அரங்குகளின் நிகழ்ச்சிகளை முழுதாகப் பார்க்கலாம். அர்த்தம் சொல்லும் வரிகள் அடியில் ஓடும்.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். வாத்தியக் குழுவை மீறிக் கேட்க வேண்டுமென்றால் அதைவிடச் சத்தமாகப் பாட வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். எழுபது வாத்தியங்களைத் தனி ஒரு மனிதத் தொண்டை சத்தத்தில் ஜெயிக்க முடியாது. அது ஜெயிப்பது வேறு இடத்தில். ஸ்வீடன் நாட்டு ஒலியியல் அறிஞர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை அளந்து விளக்கினார். வாத்தியக் குழுவின் ஒலி ஆற்றல் பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிக் குவிகிறது. அதற்கு மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வருகிறது. பயிற்சி பெற்ற ஓபரா பாடகரின் குரலிலோ, குறிப்பாக ஆண் குரல்களில், 3,000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு தனி மேடு இருக்கிறது. அந்த உயரத்தில் வாத்தியங்கள் பலவீனமாக இருப்பதால் பாடகருக்குப் போட்டி குறைவு. நெரிசலான பேருந்தில் கூட்டத்தை இடித்துத் தள்ளாமல், காலியாக இருக்கும் பின்படி வழியாக ஏறுவதைப் போல.

இந்த மேட்டை உண்டாக்குவது கத்தல் அல்ல. குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தி, அதற்கு மேலே உள்ள தொண்டைப் பகுதியை அகலமாக வைத்துக்கொள்கிறார்கள். அப்போது குரல்வளையின் வாய்ப்பகுதி ஒரு குட்டிக் குழாய்போலத் தனியாக ஒத்ததிர்வு அடைகிறது. குரல் நாண்கள் செய்யும் வேலை கூடாமலேயே கேட்கும் ஒலி கூடுகிறது.

இன்னொரு பாதி நம் காதில் இருக்கிறது. காதுக் குழாயின் நீளம் ஏறக்குறைய 2.5 செ.மீ., ஒரு முனையில் செவிப்பறை, மறுமுனை திறந்தது. ஒரு முனை மூடிய குழாயின் அடிப்படை அதிர்வெண்ணைக் காண, ஒலியின் திசைவேகத்தை நீளத்தின் நான்கு மடங்கால் வகுக்க வேண்டும். 343ஐ 0.1ஆல் வகுத்தால் 3,430 ஹெர்ட்ஸ். பாடகர் எந்த இடத்தில் ஆற்றலைக் குவிக்கிறாரோ அதற்குப் பக்கத்திலேயே நம் காதும் மிகக் கூர்மையாக இருக்கிறது. கைக்குழந்தை அழுதால் தெருமுனை வரை கேட்பதற்கும் இதுவே காரணம். பத்தாம் வகுப்பு ஒலியியல் பாடத்தில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதிப்போட்டு நகர்ந்துகொண்டிருந்தேன். இப்போது இந்தக் கணக்கையும் கரும்பலகையில் போட்டுவிடுகிறேன். போன முறை ஒரு மாணவன், "அப்போ எல்லாச் சத்தமும் நம்ம காதுக்கு ஒண்ணு இல்லையா டீச்சர்?" என்று கேட்டான். இல்லை என்பதுதான் பாடமே.

ஓபராவில் வார்த்தை புரியவில்லையே என்றும் பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கும் இயற்பியலில் பதில் உண்டு. 'மாயப் புல்லாங்குழல்' ராணி தொடும் உச்ச சுரம் கிட்டத்தட்ட 1,400 ஹெர்ட்ஸ். 'ஈ'யையும் 'ஆ'வையும் பிரித்துக் காட்டும் முதல் ஒத்ததிர்வு அதற்குக் கீழேயே இருந்துவிடுவதால், அவ்வளவு உயரத்தில் எந்த உயிரெழுத்தும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அவர் நாட்டு மக்களுக்கே புரியாது. 1983இல் டொரண்டோவில் மேடைக்கு மேலே வரிகளைக் காட்டத் தொடங்கிய பிறகு, உலகின் பெரும்பாலான அரங்குகள் அதைப் பின்பற்றின.

வகுப்பறையில் நாம் செய்வது இதற்கு நேர் எதிர். பிள்ளைகள் சத்தம் போடப் போட நம் குரலும் தானாக ஏறும். பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லோம்பார்டு 1911இலேயே கவனித்துச் சொன்ன விளைவு இது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர் தன்னை அறியாமலே உரக்கப் பேசுவார். நாம் உயர்த்தினால் அவர்கள் உயர்த்துவார்கள், அவர்கள் உயர்த்தினால் நாம். ஓட்டுக் கூரையும் வெறும் சுவருமாக இருக்கும் அறையில் எதிர்முழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பேசும்போது பெண்களின் குரல் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 200 முறை மோதிக்கொள்கின்றன. ஒரு நாளில் மூன்று மணி நேரம் பாடம் நடத்தி, அதில் பாதி நேரம் மட்டுமே நாண்கள் அதிர்வதாக வைத்துக்கொண்டாலும் பத்து லட்சம் மோதல்களுக்கு மேல் வருகிறது. அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்திய ஓர் ஆய்வின் முடிவு 2004இல் வெளியானது. வாழ்நாளில் எப்போதாவது குரல் சிக்கல் வந்ததாகச் சொன்ன ஆசிரியர்கள் 57.7 விழுக்காடு, மற்ற தொழில் செய்பவர்கள் 28.8 விழுக்காடு. சரிபாதி வித்தியாசம். ஆனாலும் குரல் போனால் தொழில் சார்ந்த பாதிப்பு என்று நாமே நினைப்பதில்லை. பனி, ஐஸ் தண்ணீர், மாங்காய் என்று ஏதோ ஒன்றின் மேல் பழியைப் போட்டுவிட்டு, சுக்குக் காப்பி குடித்துவிட்டு அடுத்த வகுப்புக்குப் போய்விடுகிறோம்.

என்னை உண்மையில் யோசிக்க வைத்தது இந்த அறிவியலைவிட, ஒரு சாதாரண அட்டவணை. வியன்னா போன்ற அரங்கின் ஏப்ரல் மாத நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட தினமும் நிகழ்ச்சி இருக்கும், ஆனால் இன்று நடந்த நாடகம் நாளை இருக்காது. இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் மறுபடி வரும். நடுவில் வேறு நாடகம், வேறு பாடகர்கள். பார்வையாளருக்குப் பல சுவை என்பது ஒரு காரணம். முதன்மை வேடம் பாடியவரின் தொண்டைக்கு ஓய்வு வேண்டும் என்பது இன்னொன்று. வாக்னரின் 'நிபெலுங் மோதிரம்' நான்கு நாடகங்களாக மொத்தம் சுமார் 15 மணி நேரம் ஓடும். அதற்கென்றே கட்டப்பட்ட பைராய்ட் அரங்கில் அதை நான்கு நாட்களில் முடிப்பதில்லை. இடையில் இரண்டு நாட்கள் விட்டு ஆறு நாட்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஒத்திகையில் எல்லா முறையும் முழுக் குரலில் பாட மாட்டார்கள். 'மார்க்கிங்' என்று அதற்குப் பெயர். அரைக் குரலில், உச்ச சுரங்களைக் கீழே இறக்கி, அடையாளத்துக்குப் பாடிக்கொள்வது. இசை இயக்குநர் கோபித்துக்கொள்ள மாட்டார். உடம்பு சரியில்லை என்றால் அதே வேடத்தைப் பாடம் செய்து தயாராக இருக்கும் மாற்றுப் பாடகர் மேடையேறுவார். சில நேரம் நோயுற்றவர் மேடையில் வாயசைத்து நடிக்க, மாற்றுப் பாடகர் ஓரமாக நின்று பாடுவதும் உண்டு. குரல் போவது அங்கே ஒழுங்கீனமோ சாக்கோ அல்ல, முன்கூட்டியே எதிர்பார்த்து ஏற்பாடு செய்துவைக்கும் விஷயம்.

என் தேய்ந்த கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேன். திங்கள் தொடர்ந்து நான்கு பாடவேளை. வியாழன் ஐந்து, அத்துடன் மாலைச் சிறப்பு வகுப்பு. யார்மீதும் குறை சொல்வதற்கில்லை, அட்டவணை போடும் குழுவில் நானும் இருந்தேன். ஆள் குறைவு, பாடவேளை, ஆய்வக வசதி எல்லாம் பார்த்தோம். தொண்டை என்று ஒன்று இருப்பதை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

பத்து நாள் மௌனமும் அதன் பிறகு ஆறு வாரக் குரல் பயிற்சியும் முடிந்து பள்ளிக்கு வந்தபோது சிலவற்றை மாற்றிக்கொண்டேன். காலையில் முதல் வகுப்புக்கு முன் மூன்று நிமிடம் வாயை மூடி 'ம்' என்று மெல்ல முனகுவேன். உதட்டிலும் மூக்கடியிலும் கூச்சம் தெரிய வேண்டும், தொண்டையில் இறுக்கம் தெரியக்கூடாது. பயிற்சியாளர் சொல்லித்தந்தது இது. வகுப்பை அமைதிப்படுத்த வாயைத் திறப்பதில்லை, மேசையில் ஒரு சின்ன மணி இருக்கிறது. மணி அடித்துவிட்டுக் காத்திருப்பேன். முதல் வாரம் நான்கு நிமிடம் ஆனது, எரிச்சலாகத்தான் இருந்தது. இப்போது அரை நிமிடம். வருகைப் பதிவு, குறிப்பேடு திருத்தம் இவற்றுக்கு 'மார்க்கிங்' குரல் போதும். தாகம் எடுப்பதற்கு முன்பே தண்ணீர் குடிக்கிறேன். கரகரப்பு வந்தால் கிசுகிசுத்துப் பேசி ஒப்பேற்றுவதையும் விட்டுவிட்டேன். பலருக்கு அதுவும் தொண்டையை இறுக்கும் என்றார் மருத்துவர். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் வீட்டு வைத்தியத்தோடு நிற்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள், இதை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்.

இவ்வளவு எழுதிவிட்டு, இடுப்பில் ஒரு சின்ன ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு பாடம் நடத்துகிறேன் என்றால் சிரிப்பீர்கள். கன்னத்தோரம் மைக், இடுப்பில் பெட்டி. ஆசிரியர் அறையில் முதலில் கேலி இருந்தது, கண்டக்டர் வேலை கிடைத்துவிட்டதா என்றார்கள். ஓபரா பாடகருக்குப் பல ஆண்டுப் பயிற்சி, ஒலிக்காகவே கட்டிய அரங்கு, நடுவில் ஓய்வு நாட்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றில் ஒன்றும் இல்லாத நாம் மைக் வேண்டாம் என்று வீராப்புப் பேசுவதில் அர்த்தம் இல்லை. குரல் சிக்கல் உள்ள ஆசிரியர்களிடம் ஆறு வாரம் நடத்திய ஓர் ஆய்வில், ஒலிபெருக்கி பயன்படுத்தியவர்களுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்ததாக 2002இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

ஏப்ரல் 16 உலகக் குரல் நாள். 1999இல் பிரேசிலில் தேசிய நாளாகத் தொடங்கி உலக நாளானது. அன்று சில நாடுகளில் மருத்துவர்கள் இலவசமாகக் குரல் நாண்களைப் பார்க்கிறார்கள், பாடகர்கள் கச்சேரி செய்கிறார்கள். நமக்கு அது ஆண்டுத் தேர்வு நேரம். எங்கள் பள்ளியில் அன்று மாலை ஆசிரியர் அறையில் 'மாயப் புல்லாங்குழல்' பத்து நிமிடம் ஓடவிட்டு, 3,000 ஹெர்ட்ஸ் கதையைச் சொல்லலாம் என்று இருக்கிறேன். ஜூன் மாத அட்டவணைக்கான தாளையும் கையோடு கொண்டுபோவேன். இரண்டு பாடவேளைக்கு மேல் யாருக்கும் தொடர்ச்சி வேண்டாம் என்பதற்குத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். திங்கள் முதல் புதன் வரை பொருத்திவிட்டோம். வியாழன்தான் இன்னும் இடிக்கிறது.