எழுதியவரே பதிப்பவர்: மும்பைத் தமிழில் சொந்த வெளியீடுகள்

ஒரு நூலை எழுதியவரே அச்சுக்கூலி கொடுத்து, விலை குறித்து, விற்று, விற்காத பிரதிகளைத் தம் வீட்டுப் பரணில் அடுக்கி வைக்கும் முறைக்குச் சொந்த வெளியீடு என்று பெயர். அண்மைக்காலத்தில் இத்தகையோரைச் சுயாதீன எழுத்தாளர்கள் என்றும் குறிப்பிடுகின்றனர். பதிப்பகம் ஒன்றுக்குப் பணம் கொடுத்து, அதன் பெயரில் நூலைக் கொண்டுவரும் வழக்கமும் தமிழில் பரவலாக இருப்பினும், அதில் முதலீடு எழுத்தாளருடையது, பெயர் பதிப்பகத்துடையது என்பதால் அதனை முழுமையான சொந்த வெளியீடாகக் கொள்ள இயலாது. மும்பையைப் போலத் தமிழ்ப் பதிப்புத் தொழில் வேரூன்றாத, சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்தில் எழுதுவோருக்கு இவ்விரு வழிகளில் ஒன்று பெரும்பாலும் விருப்பத்தால் அன்றி, வேறு வழியின்மையால் அமைகிறது.

மும்பைத் தமிழர் என்றதும் தாராவியும் மாட்டுங்காவும் செம்பூரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் மத்திய ரயில்வேயின் புறநகர்ப் பாதையில், காஞ்சூர்மார்க்கைத் தாண்டி வரும் பாண்டுப்பும் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடமே. 1958இல் அங்கே எழுந்த சியட் டயர் ஆலை உள்ளிட்ட தொழிற்சாலைகள் பல மாநிலத்தவருக்கு வேலை கொடுத்தன. வேலை தேடி வந்தவர்களுக்குப் பின்னால் சங்கங்களும் கோயில்களும் மேடைகளும் வந்தன. மும்பைப் புறநகர்களில் தமிழில் எழுதுவோர் பெரும்பாலும் இந்த உழைக்கும், அலுவலகம் செல்லும் வகுப்பினரே என்பதையும், எழுத்து அவர்களுக்கு வருமானம் தரும் தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதையும் மனத்தில் கொண்டால்தான் அவர்களுடைய நூல்களின் பொருளாதாரம் விளங்கும்.

மும்பையில் இருந்துகொண்டே பதிப்பகங்கள் வழியாகத் தமிழ்நாட்டு வாசகரை எட்டியவர்கள் உண்டு. 1970களில் வேலை தேடிப் பம்பாய் வந்த நாஞ்சில் நாடன் அந்நகர வாழ்வை ‘மிதவை’ நாவலில் எழுதினார். மும்பையில் வாழும் அம்பையின் ‘சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை’ நாகர்கோவிலைச் சேர்ந்த காலச்சுவடு வெளியீடாக வந்து 2021ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. கவிதையும் சிறுகதையும் கட்டுரையும் எழுதிவரும் புதியமாதவியைத் தமிழ்நாட்டுச் சிற்றிதழ் வாசகரும் அறிவர். இவ்வாறு பெயர் நிலைபெற்றவர்கள் சிலரே. முதல் நூலோடு நிற்பவர்களும், மூன்றாம் நூலுக்குப் பின்னும் தம் வட்டாரத்துக்கு வெளியே அறியப்படாதவர்களும் மிகப் பலர்.

சொந்த வெளியீடு என்றால் பதிப்பகங்கள் ஒதுக்கித் தள்ளிய சரக்கு என்னும் எண்ணம் வாசகரிடையே இருக்கிறது. தமிழ் அச்சு வரலாறு இந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, நூல் வெளிவருமுன்பே வாங்க ஒப்புக்கொண்டவர்களின் ‘கையொப்பம்’ திரட்டியே அச்சுச் செலவை ஈடுகட்ட முனைந்தார். இன்று இணையவழி முன்பதிவு என்று சொல்லப்படுவதன் முன்னோடி அதுவே. பாரதியார் 1920இல் கடையத்திலிருந்து விடுத்த சுற்றறிக்கையில், தம் எழுத்துகளை நாற்பது நூல்களாக, நூலுக்குப் பத்தாயிரம் படிகள் வீதம் நான்கு லட்சம் படிகள் அச்சிடப்போவதாகவும் அதற்குக் கடன் உதவி வேண்டுமென்றும் நண்பர்களைக் கேட்டுக்கொண்டார். எதிர்பார்த்த பணம் திரளாததால் திட்டம் நின்றுபோயிற்று. சி.சு. செல்லப்பாவின் வரலாறு இன்னும் கூர்மையானது. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கி, எழுத்து பிரசுரத்தின் நூல்களைத் தாமே சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற அவர், தம் முதுமையில் ‘சுதந்திர தாகம்’ என்னும் மூன்று பாக நாவலையும் 1997இல் தாமே வெளியிட்டார். அவர் மறைந்த பிறகு, 2001இல், அந்நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

மும்பையின் ஆங்கிலக் கவிதையிலும் இதற்கு இணையான முயற்சி நிகழ்ந்துள்ளது. 1976இல் அருண் கொலாட்கர், அடில் ஜஸ்ஸாவாலா, அர்விந்த் கிருஷ்ண மெஹ்ரோத்ரா, கீவ் படேல் ஆகிய நான்கு கவிஞர்கள் ‘கிளியரிங் ஹவுஸ்’ என்ற பெயரில் ஒரு கூட்டுப் பதிப்பு முயற்சியைத் தொடங்கினர். அதன் முதல் வெளியீடுகளில் ஒன்றான கொலாட்கரின் ‘ஜெஜூரி’ மறு ஆண்டே காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றது. கவிஞர்கள் ஒருவர் கையெழுத்துப் படியை மற்றவர் படித்துத் திருத்தக்கூடிய நெருக்கத்தில் இருந்ததே இம்முயற்சியின் பலம்; பணத்தைவிட இதுவே முக்கியம் என்பது கீழே விளங்கும்.

இனி அச்சின் கணக்கு. தமிழில் பெரும்பாலான நூல்கள் டெமி அளவில், அதாவது ஏறத்தாழ 21.5 செ.மீ. உயரமும் 14 செ.மீ. அகலமும் கொண்டு வருகின்றன. அச்சகத்தார் பக்கத்தைக் கணக்கிடுவதில்லை. பதினாறு பக்கம் கொண்ட ‘ஃபாரம்’ என்பதையே அலகாகக் கொள்வர். 160 பக்க நூல் பத்து ஃபாரம். 163 பக்கம் வந்தால் மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தைத் தொடவேண்டும் என்பதால், அனுபவப்பட்டவர்கள் முன்னுரையைச் சுருக்கியோ கவிதை ஒன்றை நீக்கியோ கணக்கைச் சரிசெய்வர். ஆஃப்செட் முறையில் தகடு தயாரிப்பதற்கான செலவு பிரதிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று; ஆகவே 1,000 பிரதி அடித்தால் ஒரு பிரதியின் அடக்கவிலை குறையும், ஆனால் வீட்டில் அட்டைப்பெட்டிகள் சேரும். தேவைக்கேற்ற அச்சு எனப்படும் டிஜிட்டல் முறையில் தகடு இல்லை. ஐம்பது பிரதியும் அடிக்கலாம், ஒரே ஒரு பிரதியும் அடிக்கலாம், அடக்கவிலைதான் கூடுதல். 2012இல் சென்னையில் தொடங்கிய நோஷன் பிரஸ் போன்ற நிறுவனங்கள் இம்முறையை எழுத்தாளர்களிடம் நேரடியாகக் கொண்டுசேர்த்தன. ஓரறை வீட்டில் பத்துப் பெட்டிகள் வைக்க இடமில்லாத மும்பைவாசிக்கு இரண்டாம் முறையே உகந்தது என்பதில் ஐயமில்லை.

அச்சிட்டது விற்பது வேறு கலை. புதிய நாவலையும் கவிதைத் தொகுப்பையும் புரட்டிப் பார்த்து வாங்கும் கடை மும்பையில் அரிது. ஆகவே வெளியீட்டு விழாவே கடையாகிறது. சயானிலுள்ள பம்பாய் தமிழ்ச் சங்கத்திலோ ஒரு பள்ளி அரங்கிலோ ஞாயிறு மாலை கூடும் கூட்டத்தில், முதல் படியைப் பெறுபவர் ஒரு தொகையை உறையிலிட்டுத் தருவதும், அடுத்து மேடையேறும் பிரமுகர்கள் வரிசையாகப் பிரதி பெற்றுக்கொள்வதும், எழுத்தாளருக்குப் பொன்னாடைகள் குவிவதும் வழக்கம். அன்று விற்பதே பெரும்பாலும் மொத்த விற்பனை. நண்பர்களும் உறவினர்களும் அன்பளிப்புப் பிரதியை எதிர்பார்க்கிறார்கள். கையெழுத்திட்டுக் கொடுத்த அந்தப் பிரதி பிரிக்கப்படாமலே இருந்துவிடுவதும் எல்லோரும் அறிந்ததே.

ஆயினும் இந்நூல்களின் பெருங்குறை விற்பனையன்று, செப்பனிடும் கண் இல்லாமை. பதிப்பகம் செய்யும் வேலைகளில் வெளியே தெரியாதது பதிப்பாசிரியரின் வேலை: கூறியது கூறலை வெட்டுதல், நாவலின் நடுப்பகுதியில் பெயர் மாறிவிட்ட பாத்திரத்தைப் பிடித்தல், ஆண்டுகளைச் சரிபார்த்தல், சந்திப்பிழை நீக்குதல். மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்கு முன் எழுத்துப்பிழை களைவது, இதில் ஒரு பகுதி மட்டுமே. சொந்த வெளியீடுகள் பலவற்றில் மூன்று அணிந்துரைகளும் இரண்டு வாழ்த்துரைகளும் இருக்கின்றன. நூலைக் கறாராகப் படித்து இருபது பக்கத்தைக் குறைக்கச் சொன்ன ஒருவர் இருந்ததற்கான தடயம் இல்லை. அணிந்துரை எழுதுபவரிடம் பாராட்டைக் கேட்பதற்குப் பதிலாகத் திருத்தத்தைக் கேட்டிருந்தால் இந்நூல்களில் பாதியாவது தலைநிமிர்ந்து நின்றிருக்கும்.

மின்னூல் இக்குறையைத் தீர்க்கவில்லை. பெருக்கியது என்றுகூடச் சொல்லலாம். அமேசான் நிறுவனம் 2016 டிசம்பரில் தன் கிண்டில் தளத்தில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்கு இடமளித்த பிறகு, அச்சகமும் தபாலும் இன்றி நூலை வெளியிடும் வசதி எல்லோருக்கும் கிட்டியது. சந்தா கட்டிப் படிப்போர் எத்தனை பக்கம் படித்தனரோ அதற்கேற்ப எழுத்தாளருக்குப் பணம் கணக்கிடப்படுகிறது. பக்கத்துக்குக் காசு என்றானதும் தொடர்கதைகள் நீண்டதில் வியப்பில்லை. மறுபுறம், 2013 முதல் இயங்கும் ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் போன்ற தன்னார்வ முயற்சிகள், ஆசிரியர் இசைவோடு நூல்களை இலவசமாகவே தருகின்றன.

புனைவைவிட அபுனைவில், அதாவது வரலாறு, நினைவுக்குறிப்பு, கட்டுரை ஆகியவற்றில்தான் மும்பையின் சொந்த வெளியீடுகளுக்குத் தனி இடம் உண்டு. தாராவியின் தோல் பதனிடும் தொழிலுக்குத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த குடும்பங்களின் கதை, மாநகராட்சித் தமிழ்வழிப் பள்ளிகளின் கதை, ஆலைகள் மூடப்பட்டபின் புறநகர்களில் நிகழ்ந்த மாற்றங்கள் ஆகியவற்றை வெளியிடச் சென்னைப் பதிப்பகம் சந்தை கருதித் தயங்கக்கூடும். இங்குள்ள ஒருவர் தம் செலவில் எழுதிவைத்தால் அது ஆவணமாகும். 2022இல் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலம் அதானி குழுமத்துக்குச் சென்ற பிறகு, அந்தத் தெருக்களும் பட்டறைகளும் இன்றைய வடிவில் நீடிக்கப்போவதில்லை என்பதால் இப்பணிக்கு அவசரமும் கூடியிருக்கிறது.

நூலை வெளியிடுவோர் செய்யத்தக்க சில எளிய காரியங்கள் இன்றும் கவனிக்கப்படாமல் போகின்றன. ஐ.எஸ்.பி.என். எனப்படும் 13 இலக்க நூல் அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இந்திய எழுத்தாளர்களுக்குக் கட்டணமின்றி வழங்குகிறது. அஞ்சல் துறை 2025 மே முதல் நடத்தும் ‘ஞான் போஸ்ட்’ சேவையில் 300 கிராம் வரை 20 ரூபாய்தான். 160 பக்க டெமி நூல் அட்டையுடன் ஏறக்குறைய 200 கிராமே இருக்கும். 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, டெல்லி பொது நூலகம், மும்பை மத்திய நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதியைத் தம் செலவில் அனுப்புவது பதிப்பாளரின் கடமை. சொந்த வெளியீட்டில் அந்தப் பதிப்பாளர் எழுத்தாளரே. தவறினால் விதிக்கத்தக்க அபராதம் ஐம்பது ரூபாய் வரையும் அத்துடன் நூலின் விலையும்தான் என்பதால் சட்டத்துக்கு அஞ்சுவோர் குறைவு. பாண்டுப்பிலிருந்து நூல் வெளியிடுவோர் பொன்னாடைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை ஒதுக்கி இந்த நான்கு பிரதிகளையும் முதலில் அனுப்பிவிட வேண்டும். நான்கில் ஒன்று உள்ளூரிலேயே இருக்கிறது, அங்கே தபால்செலவும் மிச்சம்.