மலை இறங்கியும் இறங்காத பாரம்

திருமலைக்கு இரண்டு மலைப்பாதைகள். 1944ல் திறக்கப்பட்ட பழைய பாதையில் இப்போது வண்டிகள் இறங்குகின்றன; 1974ல் வந்த புதிய பாதையில் ஏறுகின்றன. பக்தர்கள் கோவிந்தா முழக்கத்தோடு வளைவுகளைக் கடக்க, டிரைவரின் கண்கள் மட்டும் சாலையை விட்டு அகல்வதில்லை.

அப்போது அவர் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் உயர்கின்றன. கவனம் கூர்மையாகிறது. இது உடல் தரும் பாதுகாப்பு. வேலை முடிந்ததும் அடங்கிவிட வேண்டும். அடங்காதபோதுதான் ஆபத்து.

வேலூரிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சித்தூர் வழியாக வரும் சுற்றுலா வேன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் புறப்பாடு, வழியில் காணிப்பாக்கம் பிள்ளையார், பிறகு திருமலை. பயணிகள் தரிசன வரிசையில் நிற்கும்போது டிரைவர் சீட்டிலேயே சாய்ந்து கண்ணயர்கிறார். அன்றிரவே திரும்பும் பயணம். மறுநாள் இன்னொரு சவாரி.

இப்படி வாரக்கணக்கில் நீடித்தால், கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் ஒழுங்கு குலைகிறது. தூக்கம் கெடுகிறது, சர்க்கரை ஏறுகிறது, நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது. வெவ்வேறு வகைத் துன்பங்களுக்கு ஆளான எலிகளுக்கு ஒரே மாதிரி வயிற்றுப்புண் வந்ததை மாண்ட்ரீல் விஞ்ஞானி ஹான்ஸ் செல்யே 1936லேயே எழுதினார். வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்குப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்பது உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல் வெளியிட்ட கணக்கு.

திறமையும் தப்புவதில்லை. களைத்த மூளை தாமதமாக முடிவெடுக்கிறது. சில விநாடிகள் தன்னை அறியாமலே உறங்கிவிடுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண் மூடினால் வண்டி 33 மீட்டர் போய்விடும். மலைப்பாதையில் அதற்குள் ஒரு வளைவு வந்துவிடும்.

மோட்டார் தொழிலாளர்களுக்கு நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டுச் சட்டமே வரம்பு கட்டியது. ஆனால் சொந்த வேனை ஓட்டுபவரின் நேரத்தை யார் கணக்கெடுப்பது? திருமலையில் விதித்த நேரத்துக்கு முன்பே இறங்கிவிடும் வண்டிக்கு அபராதம் போடலாம். தூங்காமல் வரும் டிரைவரைத் தடுக்கச் சாவடி இல்லை.

பயணிகளால் முடிந்தது ஒன்று உண்டு. வேன் வாடகை பேசும்போதே டிரைவர் படுத்துத் தூங்க ஓர் அறைக்கும், ஓர் இரவுக்கும் சேர்த்துப் பேசிவிடுவது.