மீன் குழம்பு நிரபராதி!

கேரவன் என்றால் எனக்கு ரொம்ப நாளாக ஒரே அர்த்தம்தான். ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். வெளியே புரொடியூசர் வெயிலில் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதுதான் கேரவன்!

அதை நம்மைப் போன்ற மாதச் சம்பளக்காரர்களும் வாடகைக்கு எடுக்கலாம் என்ற பொது அறிவை எனக்கு ஊட்டியவன் பேங்க்கில் வேலை பார்க்கும் நண்பன். கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. அடுத்த வருஷமே வாகமனில், கேரவன்களை நிறுத்தித் தங்குவதற்காக ஒரு பார்க்கும் திறந்தார்கள். பயல் இதையெல்லாம் படித்துவிட்டு வந்து படுத்தி எடுத்துவிட்டான்.

"ரூம் தேடி அலைய வேணாம், காலங்காத்தால செக்-அவுட்டுன்னு கதவைத் தட்ட மாட்டான், ஆதார் ஜெராக்ஸ் கேட்க மாட்டான். கட்டில், ஃபிரிட்ஜ், அடுப்பு, டாய்லெட் எல்லாம் கூடவே வரும்டா. நத்தை மாதிரி வீட்டை முதுகுல தூக்கிக்கிட்டுப் போறோம்!"

நத்தைகள் மொத்தம் ஐந்து. பேங்க்காரன், மெடிக்கல் ரெப் ஒருவன், இ.பி. ஆபீஸ் கிளார்க் ஒருவன், என் மச்சான் (மனைவியின் ஒரே தம்பி, இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்), அப்புறம் நான். பி.காம். படித்த பாவத்துக்கு, எந்த டூர் போனாலும் கணக்கு எழுதும் வேலை என் தலையில்தான் விழும். வாடகையை ஐந்தால் வகுத்துப் பார்த்தேன். கட்டுபடியாகும் போலிருந்தது. தலையாட்டிவிட்டேன்.

2024 டிசம்பர் முதல் வாரம், ஒரு சனிக்கிழமை காலை மதுரையிலிருந்து கிளம்பினோம். தேனி, கம்பம், குமுளி, குட்டிக்கானம், ஏலப்பாறை, வாகமன் என்று ரூட். டிரைவர் அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். ஸ்டார்ட் பண்ணும் முன்பே சொல்லிவிட்டார்.

"தம்பிகளா, வண்டி ஓடும்போது யாரும் எந்திரிச்சு நடக்கக் கூடாது. அடுப்பைத் தொடவே கூடாது. உக்காந்தா பெல்ட்டு போட்டுக்கணும்."

"வீடுன்னு சொல்லிட்டு நடக்கக் கூடாதுன்னா எப்படிண்ணே?" என்றான் மச்சான்.

பதில் குமுளி மலைப்பாதையில் கிடைத்தது. ஒரு வளைவில் வண்டி திரும்ப, ஃபிரிட்ஜ் கதவு தானாகத் திறந்து, அரை டஜன் முட்டைகளும் ஒரு பாக்கெட் தயிரும் இ.பி. கிளார்க் மடியில் வந்து உட்கார்ந்தன. முட்டைக்குப் பதிலாக அங்கே வெந்நீர்ப் பாத்திரம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தோம். அப்புறம் எவனும் பெல்ட்டைக் கழற்றவில்லை.

வாகமன் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு. மழைத் தூறல், நல்ல குளிர். இங்கேதான் அடியேனின் கணக்குப்பிள்ளை புத்தி வேலை செய்தது. கேரவன் பார்க்கில் நிறுத்தினால் கட்டணம் கட்ட வேண்டும். வழியில் ஒரு டீக்கடைக்காரர், "நம்ம கடைக்குப் பக்கத்திலே நிறுத்திக்கோ, காசு வேண்டா" என்றார். பார்க்கில் என்றால் கரன்ட் பிளக் கொடுப்பார்கள். இங்கே வண்டியில் இருக்கும் ஜெனரேட்டர்தான் கதி. அதனாலென்ன? ஒரு ராத்திரிக்கு எவ்வளவு பெட்ரோல் குடித்துவிடப் போகிறது? 'பார்க் கட்டணம் மிச்சம்' என்று நோட்டில் எழுதியே விட்டேன்.

மழைக்கு மறைவாக இருக்கட்டும் என்று வண்டியின் பின்பக்கம் ஒரு மண்மேட்டை ஒட்டினாற்போல நிறுத்தச் சொன்னோம். டிரைவர் அண்ணன் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் படுக்கப் போனார். போகும்போது, "பத்து மணிக்கு ஜெனரேட்டரை ஆஃப் பண்ணிடுங்க தம்பி" என்றார். "சரிண்ணே!" என்று கோரஸாகச் சொன்னோம். பத்து மணிக்கு சினிமாவில் இன்டர்வெல்தான் வந்திருந்தது. ஐந்து செல்போன்களும் சார்ஜில் கிடந்தன. குளிருக்கு ஒரு குட்டி ஹீட்டர் வேறு ஓடிக்கொண்டிருந்தது. யார் போய் ஆஃப் பண்ணுவது?

ஏலப்பாறையில் பார்சல் வாங்கிய கப்பையும் மீன் குழம்பும்தான் ராத்திரிச் சாப்பாடு. சும்மா சொல்லக் கூடாது, அமிர்தம்! ஆனால் பதினொரு மணிக்கு ரெப் தலைவலி என்றான். இ.பி. கிளார்க் குமட்டுகிறது என்று டாய்லெட்டுக்குள் போய் வாந்தி எடுத்தான். மச்சான் பேச்சே இல்லாமல் சுருண்டு படுத்துவிட்டான்.

மருந்து விற்கிறவன் என்பதால் ரெப் சொன்னதுதான் எங்களுக்கு மெடிக்கல் ரிப்போர்ட். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை எடுத்து ஆளாளுக்கு விரலில் மாட்டினான். எல்லோருக்கும் 97, 98. "ஆக்சிஜன் பக்காவா இருக்கு. ஃபுட் பாய்சன்டா. மீன் குழம்புதான்." தீர்ப்பு வழங்கப்பட்டது. ஆளுக்கு ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் குடித்துவிட்டுப் படுத்தோம். ஜெனரேட்டர் தாலாட்டிக்கொண்டிருந்தது.

என்னைக் காப்பாற்றியது டீ. சாயங்காலம் குடித்த மூன்று டம்ளர் டீ, பன்னிரண்டே முக்கால் மணிக்கு எழுப்பிவிட்டது. எழுந்தால் தலையில் உலக்கை போட்டு இடிக்கிறார்கள். கால் ரெண்டும் பஞ்சு. கதவின் கைப்பிடி ரெண்டாகத் தெரிகிறது. டாய்லெட்டில் இ.பி. கிளார்க் செய்திருந்த கைங்கரியத்தை நினைத்து, வெளியே போகலாம் என்று இறங்கினேன். குளிர்காற்றில் பத்து நிமிஷம் நின்றதும் தலை லேசாகத் தெளிந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. மீன் குழம்பு என் வயிற்றோடுதானே வெளியே வந்தது? அது அப்படியே இருக்கும்போது, காற்று பட்டதும் எப்படித் தெளிகிறது? கோளாறு வயிற்றில் இல்லை, வண்டிக்குள் இருக்கிறது!

பின்பக்கம் ஓடினேன். ஜெனரேட்டர் புகை மண்மேட்டில் முட்டி, போக வழியில்லாமல் வண்டியைச் சுற்றியே நின்றது. காற்று வேண்டுமே என்று பின்ஜன்னலை ரெண்டு இஞ்ச் திறந்து வைத்திருந்தோம் பாருங்கள், அதன் வழியாகத்தான் சாவு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரை நிறுத்தி, எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து, கத்தினேன். மூன்று பேர் தள்ளாடி எழுந்தார்கள். மச்சான் எழவில்லை.

கன்னத்தில் தட்டினேன். தண்ணீர் தெளித்தேன். ம்ஹும்! அக்குளில் கை கொடுத்து இழுத்து, தூறலில் தரையில் போட்டோம். அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் என் மனைவியின் முகத்தை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு முனகல். "மாமா... குளிருது" என்றான். என் வாழ்நாளில் கேட்ட இனிமையான புகார் அதுதான்.

டிரைவர் அண்ணன் டீக்கடைக்காரரின் ஜீப்பைக் கிளப்பி, எங்களை மலைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஐந்து பேருக்கும் ஆக்சிஜன் மாஸ்க். மச்சானுக்கு மட்டும் மறுநாள் மத்தியானம் வரை. டாக்டரம்மா மலையாளமும் தமிழும் கலந்து சொன்ன முதல் வாக்கியம்: "மீன் கறிக்கு ஒரு குழப்பமும் இல்லா!"

குற்றவாளியின் பெயர் கார்பன் மோனாக்ஸைடு. பெட்ரோல், டீசல், கேஸ், கரி எதுவானாலும் சரியாக எரியாதபோது வரும் வாயு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. (எனக்குப் புகை தெரிந்ததே, கூடவே மற்ற கசடும் வந்ததால்தான்.) டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நம் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரும் சீட்டில் இந்த வாயு துண்டு போட்டுவிடும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். வெறும் காற்றில், இதன் அளவு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தால் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும்.

அந்த ஆக்சிமீட்டர்? அதற்கு சீட் நிரம்பியிருக்கிறதா என்றுதான் தெரியுமாம். உட்கார்ந்திருப்பது யார் என்று தெரியாது. ஆகவே சாகக் கிடப்பவனுக்கும் 98 காட்டும். ரெப் இப்போதெல்லாம் எங்களுக்கு வைத்தியம் சொல்வதில்லை.

ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து, டிசம்பர் 23 அன்று அந்தச் செய்தி வந்தது. கோழிக்கோடு மாவட்டம் வடகரையில் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஏ.ஸி. போட்டுத் தூங்கியிருக்கிறார்கள். வண்டியின் அடித்தளத்தில் இருந்த இடைவெளி வழியாக ஜெனரேட்டரின் வாயு உள்ளே வந்தது என்று, பிறகு வல்லுநர்கள் அதே வண்டியில் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இறந்தவர்கள் டூர் போனவர்கள் அல்ல. வண்டியின் டிரைவரும், கூட வேலை பார்த்தவரும். நாம் வீடு வந்து சேர்ந்த பிறகு, நம்மைச் சுமந்த வண்டியிலேயே படுத்து உறங்குகிறவர்கள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

வீடு வண்டியில் ஏறினால், வீட்டின் ஆபத்துகளும் கூடவே ஏறிக்கொள்கின்றன. வீட்டில் நாலு ஜன்னல் வழியாகப் போய்விடும் புகை, இங்கே நாலடி இடத்தில் நிற்கிறது. ஆகவே, உதைபட்டுக் கற்றதைச் சொல்லிவிடுகிறேன்.

தூங்கும்போது எதுவும் எரியக் கூடாது: ஜெனரேட்டரோ, ஏ.ஸி.க்காக ஓடும் இன்ஜினோ, கேஸ் அடுப்போ எதுவும் கூடாது. வெளியே வைக்கிற ஜெனரேட்டர் என்றால் குறைந்தது இருபதடி தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். 'ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சிருக்கேன்' என்ற சமாதானம் வேலைக்கு ஆகாது. நாங்களே சாட்சி. குளிருக்குக் கரி அடுப்பும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில், பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கிய இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. போர்வை வாங்குங்கள் சார்!

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியா? சந்தேகப்படுங்கள்: தலைவலி, குமட்டல், மயக்கம் எல்லாம் சாப்பாட்டுக் கோளாறு போலவே இருக்கும். முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். அப்புறம் 108. தெளிந்துவிட்டது என்று மறுபடி உள்ளே போய்ப் படுக்காதீர்கள்.

ஓர் அலாரம் வாங்குங்கள்: கார்பன் மோனாக்ஸைடுக்கென்றே பேட்டரி அலாரம் கிடைக்கிறது. ஐந்து பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணி சாப்பிடும் செலவுதான். கிளம்பும் முன் பட்டனை அமுக்கிக் கத்துகிறதா என்று பாருங்கள். படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள்.

சமையல் வெளியே: 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், எங்கள் மதுரை ரயில் நிலையத்தருகே நின்ற சுற்றுலா ரயில்பெட்டி எரிந்தது மறந்திருக்காது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒன்பது பேர் போனார்கள். விதியை மீறி உள்ளே வைத்திருந்த சிலிண்டர்தான் காரணம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையில் தேங்கும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வால்வை மூடி, கதவைத் திறந்து, இறங்கிவிடுங்கள்.

டிரைவருக்கு ஒரு படுக்கை: ராத்திரி முழுக்க ஓட்டச் சொல்லாதீர்கள். விடிவதற்கு முந்தைய நேரத்தில் எப்பேர்ப்பட்ட டிரைவருக்கும் கண் செருகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி டீ குடியுங்கள். மலை இறங்கும்போது, "சீக்கிரம் போண்ணே" என்று நச்சரிக்காதீர்கள். ஏறின கியரிலேயே இறங்கினால்தான் பிரேக் சூடாகாமல் பிழைக்கும். முக்கியமாக, ராத்திரி அவர் எங்கே படுப்பார் என்பதை புக்கிங் போடும்போதே கேளுங்கள். வாடகைக் கணக்கில் அதுவும் ஒரு ஐட்டம்.

ஊருக்கு வந்ததும் மனைவியிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"பார்க் கட்டணம் எவ்வளவு மிச்சம் பண்ணீங்க?"

இன்னும் பதில் சொல்லவில்லை. நோட்டில் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டேன்.

அடுத்த வருஷம் மறுபடி வாகமன் போவதாகப் பேச்சு. அலாரம் வாங்கியாகிவிட்டது. அதை மச்சான் பையில் வைத்ததே அவன் அக்காதான். இந்தத் தடவை பார்க்கில்தான் நிறுத்துவோம். டிரைவர் அண்ணனுக்குத் தனி ரூம். சாப்பாடு மட்டும் ஏலப்பாறையில் அதே கடையில்தான். அந்த மீன் குழம்புக்கு நாங்கள் ஒரு மன்னிப்பு பாக்கி வைத்திருக்கிறோம்.