கொள்ளுக்குத் திறக்கும் வாய்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

"கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடிக்கொள்ளுமாம்" என்று குதிரையைப் பற்றி நம் நாட்டில் ஒரு பழமொழி வழங்குகிறது. ஆதாயம் என்றால் முன்னே வந்து, வேலை என்றால் பின்வாங்கும் மனிதரைக் குத்திக்காட்டவே இதைச் சொல்வார்கள். ஆனால் குதிரை வளர்க்கும் வீட்டில் பிறந்தவனுக்கு இது ஏளனமாகத் தோன்றாது; அன்றாட அனுபவமாகவே தோன்றும். கடிவாளத்துக்கு மூடும் வாய், மருந்துக்கு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். அது ஏன் மூடிக்கொள்கிறது, எப்படித் திறப்பது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உதகை ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளை நண்பர்கள் பார்த்திருப்பீர்கள். என் தந்தையாரின் தொழில் அதுதான். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இரண்டு குதிரைகளின் முதுகை நம்பித்தான். ஒரு குதிரை பத்து நாள் லாயத்தில் நின்றுவிட்டால் பத்து நாள் வருமானமும் நின்றுவிடும். தீனிச் செலவு மட்டும் நிற்காது. ஆகவே மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து குதிரையின் வயிற்றுக்குள் முழுமையாகப் போய்ச் சேர்ந்ததா என்பது எங்களுக்குச் சிறிய கேள்வி அன்று.

உடலமைப்பு சொல்லும் காரணம்

குதிரை பிடிவாதக்காரப் பிராணி என்பது பொதுவான எண்ணம். அதன் உடலமைப்பைப் படித்தால் அந்த எண்ணம் மாறிவிடும்.

முதலாவது, குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. உணவுக்குழல் இரைப்பையைச் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத் தசை மிகவும் வலிமையானது. உள்ளே போனதை அது மேலே விடுவதில்லை. நாயோ பூனையோ ஆகாததைத் தின்றுவிட்டால் கக்கிவிட்டுப் பிழைத்துக்கொள்ளும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. எனவே அதன் காவல் முழுவதும் வாயிலேயே இருந்தாக வேண்டும். கூரிய மோப்பமும், விரல்போல் அசையும் மேலுதடும் அக்காவலுக்கு உதவுகின்றன. ஊறவைத்த கொள்ளில் மாத்திரைத் தூளைக் கலந்து வைத்துப் பாருங்கள். கொள்ளு முழுவதும் தீர்ந்திருக்கும். தூள் மட்டும் தொட்டியின் அடியில் பத்திரமாக இருக்கும்!

இரண்டாவது, குதிரை மூக்கால் மட்டுமே மூச்சு விடும். அதன் மெல்லண்ணம் நீளமானது. அது குரல்வளை மூடியின் கீழே பொருந்தி நின்று, வாயையும் மூச்சுப் பாதையையும் பிரித்து வைக்கிறது. விழுங்கும் கணத்தில் மட்டுமே இந்த ஏற்பாடு மாறி, உணவு உள்ளே போக வழி விடுகிறது. குதிரை தானாக விழுங்கினால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்பது இதிலிருந்து புலப்படும்.

மூன்றாவது, அதன் இரைப்பை உடலளவை நோக்க மிகச் சிறியது. பெரிய குதிரைக்கே 8 முதல் 15 லிட்டர் வரைதான் கொள்ளும். மாட்டின் முதல் இரைப்பையோ 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடியது. ஆகவே மாட்டுக்குச் செய்வதையெல்லாம் குதிரைக்கும் செய்துவிடலாம் என்று எண்ணுவது பொருந்தாது.

சீசாவால் வரும் ஆபத்து

நம் கிராமங்களில் மாட்டுக்கு மருந்து கொடுக்க மூங்கில் குழாயைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். ஒருவர் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தலையை உயர்த்த, மற்றொருவர் கடைவாயில் குழாயை வைத்து ஊற்றுவார். இதே முறையில் குதிரைக்கும் சீசாவால் மருந்து புகட்டுவோர் உண்டு. தலைக்கயிற்றை உத்தரத்தின் மேல் போட்டு இழுத்து, வாய் வானத்தைப் பார்க்கும்படி நிறுத்தி ஊற்றுவார்கள்.

இதை வாசிக்கும் நண்பர்கள் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். நன்றாக அண்ணாந்துகொண்டு எச்சிலை விழுங்க முயலுங்கள். தொண்டை எவ்வளவு சிரமப்படுகிறது! குதிரைக்கும் அப்படித்தான். விழுங்க முடியாத மருந்து மூச்சுக்குழலில் வழிந்து நுரையீரலை அடைகிறது. அங்கே சீழும் அழற்சியும் உண்டாகி நிமோனியா காண்கிறது. வயிற்றுவலிக்கு எண்ணெய் ஊற்றப் போய், வயிற்றுவலி தீர்ந்தும் நுரையீரல் நோயால் குதிரை மாண்டுபோவது இவ்வாறுதான். மூக்கைப் பொத்தினால் விழுங்கிவிடும் என்று சிலர் சொல்வதும் தவறானது. குதிரைக்கு மூக்கைப் பொத்துவது மூச்சையே பொத்துவதாகும்.

அதிக அளவில் திரவ மருந்து செலுத்த வேண்டியிருந்தால், கால்நடை மருத்துவர் மூக்கின் வழியே ஒரு நீண்ட குழாயை இரைப்பை வரை செலுத்தி ஊற்றுவார். குழாய் உணவுக்குழலில்தான் இறங்கியிருக்கிறது என்பதை உறுதி செய்யப் பயிற்சி வேண்டும். அது நாம் செய்யும் வேலை அன்று.

தீனியில் கலந்து கொடுத்தல்

மருந்து கொஞ்சமாக இருந்து, தீனியுடன் கொடுக்கலாம் என்று மருத்துவரும் சொல்லியிருந்தால் இதுவே எளிய வழி. இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

தொட்டி நிறையத் தீனியில் கலக்கக் கூடாது. பாதி தின்று மீதியை விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போயிற்று என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு கைப்பிடி தவிட்டிலோ, வேகவைத்த கொள்ளிலோ மட்டும் கலந்து, வழக்கமான தீனிக்கு முன்பு, பசி வேளையில் வைக்க வேண்டும். வெல்லப்பாகு சிறிது சேர்த்துப் பிசைந்தால் தூள் தானியத்தோடு ஒட்டிக்கொள்ளும். உதட்டால் பிரிக்க முடியாது. புதிய சுவையைக் கண்டாலே குதிரை சந்தேகப்படும். ஆதலால் முதல் இரண்டு நாள் மருந்தில்லாமல் வெல்லத் தவிட்டை மட்டும் கொடுத்துப் பழக்கிவிட்டு, மூன்றாம் நாள் மருந்தைச் சேர்ப்பது நல்லது. குளம்பில் அழற்சி கண்ட குதிரைக்கு இனிப்பு ஆகாது. அதற்கு என்ன சேர்க்கலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குடிநீரில் மருந்தைக் கலப்பது மட்டும் வேண்டாம். நீரின் மணம் மாறினால் குதிரை குடிக்காமலே நின்றுவிடும். நீர் குறைந்தால் குடலில் தீனி இறுகி வயிற்றுவலி வரும். குதிரைக்கு வயிற்றுவலி என்பது உயிரையே வாங்கும் நோய்.

வாயில் நேரே கொடுத்தல்

குடற்புழு நீக்க மருந்துகள் பல, பசை வடிவில் சிரிஞ்சிலேயே அடைத்து விற்கப்படுகின்றன. அவற்றுள் புகழ்பெற்றது ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக ஒமுரா, கேம்பெல் என்னும் இரு அறிஞர்கள் 2015-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

பசை கொடுக்கும் முன் வாயில் தீனி இருக்கக் கூடாது. இருந்தால் மருந்தையும் சேர்த்துத் துப்பிவிடும். குதிரையின் எதிரே நிற்காமல், இடது தோளருகில் நின்று தலைக்கயிற்றைத் தளர்வாகப் பிடிக்க வேண்டும். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பற்களற்ற ஓர் இடைவெளி உண்டு. கடிவாளம் தங்கும் இடம் அதுதான். அதன் வழியே சிரிஞ்சை நுழைத்து, நாக்கின் பின்பகுதியில் பசையை மெல்லச் செலுத்த வேண்டும். தலை இயல்பான உயரத்திலேயே இருக்கட்டும். செலுத்தியபின் தொண்டை அசைகிறதா என்று கவனித்தால் விழுங்கியது தெரிந்துவிடும்.

அளவைக் கண்மதிப்பால் முடிவு செய்யக் கூடாது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே மார்புச் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பிட்டத்தின் முனைவரை நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய எடை கிலோவில் கிடைக்கும். எங்கள் குதிரை ஒன்றுக்குச் சுற்றளவு 150, நீளம் 140. கணக்கிட்டால் 265 கிலோ வருகிறது. கண்மதிப்பில் 200 கிலோ என்று கொண்டிருந்தால் மருந்து கால் பங்கு குறைந்திருக்கும். குறைந்த மருந்தில் சாகாமல் தப்பும் புழுக்களே அடுத்த தலைமுறையைப் பெருக்குகின்றன. நாளடைவில் அம்மருந்துக்கு அஞ்சாத புழுக்களே மிஞ்சும். பரிணாமப் பாடத்தில் இயற்கைத் தேர்வு என்று நாம் படிப்பது லாயத்தின் லத்திக் குவியலிலும் நடக்கிறது!

மறுப்பைக் கற்றுக்கொடுப்பவர் யார்?

இவ்வளவும் அறிந்தும், சிரிஞ்சைக் கண்டதுமே தலையை உதறி எகிறும் குதிரையை என்ன செய்வது? இங்கேதான் விலங்கின் நடத்தையைப் பற்றி நாம் படித்த பாடம் கைகொடுக்கிறது.

மணியோசை கேட்டதும் எச்சில் ஊறிய பாவ்லவின் நாயை அனைவரும் அறிவோம். நாய்க்கு மணி எப்படியோ, ஒருமுறை மூச்சுத் திணறிய குதிரைக்குச் சீசா அப்படி. பார்த்ததுமே அச்சம் ஊறுகிறது. தார்ன்டைக் என்ற அமெரிக்க அறிஞர் 1898-இல் பூனைகளைப் பெட்டியில் அடைத்துச் செய்த சோதனைகளை வெளியிட்டார். நற்பயன் தந்த செயலை விலங்கு மீண்டும் செய்யும் என்பது அவர் கண்ட உண்மை. இதைக் குதிரையோடு பொருத்திப் பார்ப்போம். குதிரை தலையை உதறுகிறது. நாம் பயந்து கையை எடுத்துவிடுகிறோம். குதிரைக்கு விடுதலை கிடைக்கிறது. உதறினால் தப்பலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் வேகமாக உதறுகிறது. அதாவது, மருந்தை மறுக்கும் குதிரையை உருவாக்குவது நம் கையே!

எங்கள் வீட்டுக்கு விலைக்கு வந்த பெட்டைக்குதிரை ஒன்று இத்தகையது. முன்பு எங்கோ சீசாவால் புகட்டப்பட்டுப் பழகியது. "சீசாவைப் பார்த்தாலே எகிறுகிறாளே, இவளுக்கு எப்படியடா பூச்சி மருந்து கொடுப்பது?" என்று தந்தையார் கேட்டார். அவசரம் இல்லை, சில நாள் பொறுக்கலாம் என்று மருத்துவரும் சொன்னார்.

ஊசியில்லாத ஒரு பெரிய பிளாஸ்டிக் சிரிஞ்சை எடுத்துக்கொண்டேன். முதல் நாள் அதைக் கழுத்தில் மட்டும் வைத்தேன். அவள் உதறியபோது கையை எடுக்கவில்லை, அழுத்தவும் இல்லை. ஒரு மூச்சு நேரம் அசையாது நின்றதும் உடனே எடுத்துவிட்டேன். அசையாமல் நின்றால்தான் விடுதலை என்பதே அன்றைய பாடம். அடுத்தடுத்த நாட்களில் கன்னம், தாடை, கடைவாய் என்று நகர்ந்தேன். ஆறாம் நாள் சிரிஞ்சின் நுனியில் வெல்லம் தடவினேன். எட்டாம் நாள் வெல்ல நீரைச் சிறிது சிறிதாகச் செலுத்தினேன். பதினோராம் நாள் அவளே வாயை நீட்டிச் சிரிஞ்சைத் தேடினாள். பன்னிரண்டாம் நாள் மருந்து போயிற்று. முகத்தைச் சுளித்தாள், ஆனால் எகிறவில்லை. பதின்மூன்றாம் நாள் மறுபடியும் வெல்ல நீரே கொடுத்தேன். கடைசி நினைவு கசப்பாக இருக்கக் கூடாது அல்லவா? நாள் ஒன்றுக்கு இதற்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. இப்போது தந்தையார் தனியாகவே அவளுக்கு மருந்து கொடுத்துவிடுகிறார்.

ஓர் எச்சரிக்கை

மாட்டுக்கும் கோழிக்கும் உரிய மருந்துகளைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது. அவற்றின் தீவனத்தில் சேர்க்கப்படும் மொனென்சின் என்னும் பொருள், மாட்டைப் பாதிக்காத அளவிலேயே குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துக் கொன்றுவிடும். குதிரையின் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்க வைப்பவை. வாய்வழிக் கொடுக்கும் சில நுண்ணுயிர்க் கொல்லிகள் அவற்றையும் அழித்துக் கடும் கழிச்சலை உண்டாக்கும். ஆகவே எந்த மருந்து, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். எப்படிக் கொடுப்பது என்பதில்தான் நம் திறமை.

நம் கல்லூரியில் படிக்கும் பலர் வீட்டில் குதிரை இல்லாவிட்டாலும் ஆடோ, மாடோ, நாயோ இருக்கும். உடலமைப்பும் மருந்தும் அளவும் விலங்குக்கு விலங்கு வேறுபடும்; ஆனால் அச்சம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. அடுத்த முறை நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடிக்கும் முன், நோயில்லாத நல்ல நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள். நோய் வரும் நாளில் அந்த ஐந்து நிமிடமே பெரிய உதவியாக வந்து நிற்கும்.