நீர்த்தேக்கத்தில் ஒரு மீட்டர் இடம்

கேரள நாட்டின் பெரியாறு, ஆலுவாவில் இரு கிளைகளாகப் பிரிந்து கடலை நோக்கிச் செல்கிறது. சிவராத்திரியன்று மக்கள் திரளும் மணப்புறம் இவ்வாற்றங்கரையிலேயே உள்ளது. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்நகரின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. அருகிலுள்ள நெடும்பாசேரி விமான நிலையம் இரு வாரங்கள் மூடிக் கிடந்தது. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்திற்குப் பின் இத்தகைய துன்பத்தை அப்பிரதேசம் கண்டதில்லை.

ஆற்றின் மேற்பகுதியில் பல அணைகள் உள்ளன. சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணை 1895இல் நிறைவேறியது. இடுக்கி நீர்த்தேக்கத்திலிருந்து மின் உற்பத்தி 1976இல் தொடங்கியது. இடுக்கியின் வளைவு அணையில் மதகுகள் இல்லை. மிகுநீர் செறுதோணி அணையின் ஐந்து மதகுகள் வழியாகவே வெளியேறுகிறது.

அணை முதுமையடையும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கசிவு நீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கட்டடத்தைத் தளர்த்தக்கூடும். முல்லைப் பெரியாறு அணைக்குப் பிற்காலத்தில் கான்கிரீட்டும் எஃகு வடங்களும் சேர்த்து வலுவூட்டியது இதனாலேயே. இரண்டாவது, வண்டல் படிந்து கொள்ளளவு குறைகிறது. மூன்றாவது, மதகுகளும் கலிங்குகளும் பழைய மழைக் கணக்கை ஒட்டி அமைந்தவை; இன்றைய பெருமழைக்கு அவை போதாமற் போகலாம். குஜராத்தில் 1979இல் மச்சு ஆற்றின் இரண்டாம் அணை உடைந்து மோர்வி நகரம் அழிந்தது, வெள்ளம் மண்கரையின்மேல் வழிந்ததனாலேயே. அவ்வணை கட்டப்பட்டுப் பத்தாண்டுகூட ஆகவில்லை. ஆகவே வயதை மட்டும் கொண்டு அபாயத்தை அளத்தல் தகாது.

2018இல் நிகழ்ந்தது யாது? இடுக்கியின் முழு மட்டம் 2,403 அடி. ஜூலை முடிவிலேயே நீர் 2,395 அடியை எட்டிவிட்டது. ஆகஸ்டு 9ஆம் நாள், 26 ஆண்டுகளுக்குப் பின், செறுதோணி மதகு திறக்கப்பட்டது. பின்னர் ஒடிசாக் கரையருகே தோன்றிய காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தையொட்டி, 15 முதல் 17ஆம் நாள் வரை மலைப்பகுதியில் பெருமழை பொழிந்தது. ஆலுவாவுக்கு மேலுள்ள நீலீசுவரத்தில் 16ஆம் நாள் நொடிக்கு 8,800 கன மீட்டர் நீர் பாய்ந்தது. இடுக்கிக்கு உச்ச வரத்து 2,532 கன மீட்டர். வெளியேற்றம் ஏறத்தாழ 1,500. எனவே எஞ்சிய நீர் பிற அணைகளிலிருந்தும் அணையில்லாத நீர்ப்பிடிப்புகளிலிருந்தும் வந்தது என்பது தெளிவு. அணைகள் வெள்ளத்தை மிகுதிப்படுத்தவுமில்லை, குறைக்கவுமில்லை என்று மத்திய நீர் ஆணையம் முடிவு கூறியது. ஏறக்குறைய நிரம்பிவிட்ட அணையால் வெள்ளத்தைப் பெரிதும் குறைக்க இயலாது.

இதனை மாணவர்க்கு எளிய கணக்கால் விளக்கலாம். இடுக்கியின் நீர்ப்பரப்பு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். ஒரு மீட்டர் உயரம் காலியாயிருந்தால் அதில் 6 கோடி கன மீட்டர் கொள்ளும். நொடிக்கு 2,500 கன மீட்டர் வீதம் வரும் நீரை, மதகு திறவாமலே, ஏழு மணி நேரத்திற்குச் சற்றுக் குறைவாகத் தாங்கலாம். கரையோர மக்களை மேட்டுக்குக் கொண்டு செல்ல அந்நேரம் பேருதவியாகும்.

ஆனால் அவ்விடத்தைக் காலியாக வைப்பது எளிதன்று. மழை பொய்த்துவிட்டால், வெளியேற்றிய நீர் கோடையில் மின்சாரத்திற்கும் பாசனத்திற்கும் கிடைக்காது. இவ்விரண்டையும் எடைபோட்டு, பருவத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் நீர் எம்மட்டத்திற்கு மேற்படலாகாது என வரையறுப்பதே ‘விதி வளைகோடு’ எனப்படும். 2021 அக்டோபரில் செறுதோணி மதகுகள் முழு மட்டம் எட்டுமுன்னரே திறக்கப்பட்டன. அவ்வாண்டே அணைப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது.

புயல் அறிவிப்பு வந்தவுடன் களப் பணியாளர் கவனிக்க வேண்டியவை சில: மழைமானியையும் நீர்மட்ட அளவுகோலையும் குறித்த நேரத்தில் தவறாது பார்த்தல், மதகுகள் தடையின்றி இயங்குகின்றனவா எனச் சோதித்தல், கசிவு நீர் கலங்கினால் உடனே மேலதிகாரிக்கு அறிவித்தல், மதகு திறக்குமுன் கீழ்க்கரை மக்களுக்குச் செய்தி சேர்ந்ததா என உறுதி செய்தல். தம் ஊருக்கு மேலே எந்த அணை உள்ளது, அதன் நீர் எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதை ஆசிரியர்கள் பள்ளியிலேயே கற்பிப்பாராயின், அறிவிப்பு வரும் நாளில் குடும்பங்கள் காலந்தாழ்த்தாது மேட்டை நாடும்.